பத்துக்கு எத்தனை வலி

ஜூன் 8, வியாழன்

இது 2019ஆம் வருஷத்து டைரி. உரக்கடைல குடுத்தது, பிரிக்காமயே பீரோல கிடந்துச்சு. தேதிய அடிச்சுட்டு எழுதுறேன். ஆஸ்பத்திரில குடுத்த நீலக் கார்டு தனியா இருக்கு. அது ஃபேர். இது ரஃப்.

அங்கன்வாடில எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு. எல்லாத்துக்கும் ரெண்டு நோட்டு வச்சுத்தான் பழக்கம். ரஃப் நோட்டுல உள்ளது இருக்கும், ஃபேர் நோட்டுல ஆபீசருக்குப் பிடிச்சது இருக்கும். இத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. வேலைக்குச் சேந்த மொத மாசம் பதினெட்டுப் புள்ளைகளோட எடையவும் தராசு காட்டுனபடி எழுதுனேன். நாலு புள்ளைக்கு இறங்கியிருந்துச்சு. மெமோ வந்துச்சு. அதுக்கப்புறம் என் சென்டர்ல ஒரு புள்ளையும் இளைச்சதில்ல. கட்டம்னு ஒண்ணு போட்டிருந்தா அதுல நம்பர் இருக்கணும். காலியா விட்டா அதுக்கும் ஒரு மெமோ. நான் இதுவரைக்கும் ஒரு கட்டத்தக்கூடக் காலியா விட்டதில்ல.

இன்னைக்கு முழங்கால் ஆராய்ச்சிக்கு எங்க ஊர்லருந்து பன்னெண்டு பொம்பளைகளச் சேத்துக்கிட்டாங்க. நானும் ஒருத்தி. எங்க சென்டர் ஆயா மூக்கம்மா இன்னொருத்தி. மூக்கம்மா என்கூடப் பத்தொம்பது வருஷமா இருக்கா. சோறாக்குவா, தண்ணி எடுப்பா, புள்ளைகள வீடு வீடாப் போயிக் கூட்டியாருவா. இப்ப வலது கால் முட்டிகிட்ட வெளிப்பக்கமா வளைஞ்சுபோச்சு. போன மாசம் வந்த சூப்பர்வைசர் மேடம், அவ மூணு படி ஏறுறதுக்கு எடுத்துக்கிட்ட நேரத்தப் பாத்துட்டு என்கிட்ட மெல்லச் சொன்னாங்க: "வர்ற பொங்கலுக்குள்ள சரியாகட்டும். இல்லேன்னா வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." மூக்கம்மாவுக்கு வேற போக்கிடம் இல்ல. அவ சம்பாதிக்கிற வரைக்கும்தான் மகன் வீட்டுல அவளுக்குத் தட்டுல சோறு.

டாக்டர் ஜமால் சின்ன வயசு, ஆனா பொறுமையாப் பேசுறாரு. முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல குருத்தெலும்புன்னு ஒரு மெத்தை இருக்காம். அது தேஞ்சு எலும்போட எலும்பு உரசுறதுதான் வலியாம். எங்களுக்குக் குடுக்கப்போறது அமினோ அமிலப் பவுடர். அமினோ அமிலம்ங்குறது புரதம் கட்டுற செங்கல். கிளைசின், புரோலின்னு ரெண்டு பேரு சொன்னாரு, அந்த மெத்தைல அதுக ஜாஸ்தியாம்.

"கடைல விக்கிறவங்க இதச் சாப்புட்டா மெத்தை திரும்ப வளரும்னு சொல்றாங்க. வளருதுன்னு இதுவரைக்கும் உறுதியான ஆதாரம் இல்லம்மா. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. வாயில போட்டது வயித்துல செரிச்சு ஒடம்பெல்லாம் போகும். நான் முட்டிக்குத்தான் போவேன்னு அது அடம் பிடிக்காது. சில ஆராய்ச்சில வலி கொஞ்சம் குறையுதுன்னு இருக்கு. ஆனா அதுல பல ஆராய்ச்சி ரொம்பச் சின்னது, பவுடர் விக்கிற கம்பெனியே பண்ணுனது. அதான் நாங்க பண்ணிப் பாக்குறோம்."

பாதிப் பேருக்கு நிஜப் பவுடர், மீதிப் பேருக்கு சும்மா மாவு. பொட்டலமும் ஒண்ணு, ருசியும் ஒண்ணு. யாருக்கு எதுன்னு அவருக்கே தெரியாதாம்.

மூக்கம்மா எந்திரிக்காமயே கேட்டா: "அப்ப பாதிப் பேர ஏமாத்துறீகளா சார்?"

"ஆமாம்மா. சொல்லிட்டு ஏமாத்துறோம்" ன்னு சிரிச்சாரு. "பவுடருக்கு வலி கேக்காதவங்கள அப்படியே விட்டுற மாட்டோம். அதுக்கு வேற வழி வச்சிருக்கோம். கடைசிப் பக்கத்துல இருக்கு, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பதினோரு பக்கம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடைசிப் பக்கத்துல ஆபரேஷன் பத்தி ஏதோ இருந்துச்சு. ஆபரேஷன் யாருக்கு வேணும். கையெழுத்துப் போட்டேன். மூக்கம்மா கட்டைவிரல நானே பிடிச்சு அமுக்கி வச்சேன்.

ஜூன் 9, வெள்ளி

மொத பொட்டலம். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு. தினமும் காலைல ஒண்ணு, இருபத்துநாலு வாரத்துக்கு. சாயங்காலம் கார்டுல வலி எத்தனைன்னு பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடணும்.

எனக்கு 7. கார்டுலயும் 7.

மூக்கம்மா அவ கார்ட என் மேசைல வச்சுட்டு, "நீங்களே போட்டுருங்க டீச்சர்" ன்னா. புளி கரைச்சுக்கிட்டு இருந்தா, எதுக்குத் தொந்தரவுன்னு நானே 7 போட்டேன்.

ஜூன் 22, வியாழன்

ஆஸ்பத்திரிலருந்து பிரிசில்லான்னு ஒரு பிள்ளை வந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வந்து கார்டப் பாத்து எழுதிட்டுப் போறதுதான் அதோட வேலை. ஸ்கூட்டில பத்து ஊர் சுத்திட்டு வந்து மூஞ்சியெல்லாம் புழுதி. நம்ம பொம்பளைக கார்டப் பாத்து அழுகுற மாதிரி ஆயிருச்சு. ஒருத்தி கார்டுல குழம்பு. ஒருத்தி எல்லாக் கட்டத்துலயும் 10. மூணு பேரு ஒண்ணுமே எழுதல. என் கார்டையும் மூக்கம்மா கார்டையும் பாத்துட்டுத்தான் அதுக்கு மூச்சு வந்துச்சு.

"மேடம், உங்க கார்டு எவ்வளவு நீட்டு. காலியா விட்டா டேட்டா செல்லாது மேடம். இவங்களுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ண முடியுமா? தினமும் கேட்டு எழுதிக் குடுத்தாப் போதும்."

பன்னெண்டு கார்டும் இப்ப என் மேசை டிராயர்ல இருக்கு, வளர்ச்சி அட்டைகளுக்குப் பக்கத்துல.

ஜூலை 3, திங்கள்

தினமும் பத்து வீடு ஏறி இறங்கிக் கேக்க எனக்குக் கால் இருந்தா நான் ஏன் இந்த ஆராய்ச்சிக்குப் போறேன்.

புள்ளைக தூங்குனதும் பன்னெண்டு கார்டையும் ஒரே மூச்சுல ரெண்டு வாரத்துக்கு எழுதி முடிச்சேன். ஊதா பேனா, கருப்புப் பேனா, பென்சில்னு மாத்தி மாத்தி. இதுக்கும் ஒரு கை வேணும். நேரா இறக்குனா ஆபீசருக்குச் சந்தேகம் வந்துரும். 7, 7, 6, 7, 6, 6, அப்புறம் ஒரு நாள் 8, கேட்டா கல்யாண வீட்டு வேலைன்னு சொல்லிக்கலாம். மறுபடி 6. பாக்குறவங்களுக்கு நிஜம்னு தோணணும், அதே சமயம் சந்தோஷமாவும் இருக்கணும். மூக்கம்மாவுக்கு என்னைய விட ஒண்ணு கம்மியாவே போட்டேன். ஆயாவுக்கு டீச்சர விட ஜாஸ்தி வலின்னு இருந்தா நல்லாருக்காது.

எனக்கு இன்னைக்கு நிஜத்துல 8. பஸ் படில ஏறும்போது கம்பியப் பிடிச்சுத் தொங்குனேன், கண்டக்டர் கையக் குடுத்தான்.

ஜூலை 20, வியாழன்

பிரிசில்லா சந்தோஷத்துல இருந்துச்சு. "எல்லா ஊரையும் விட உங்க ஊர்லதான் மேடம் நல்லாக் குறையுது. டாக்டர்ட்ட சொன்னேன்." என்னைய இந்த ஊருக்குத் தொடர்பாளரா போட்டிருக்காங்க. கழுத்துல மாட்டுற அட்டை, என் போட்டோ, ஜெயக்கொடின்னு பேரு. இருபத்தாறு வருஷத்துல டிபார்ட்மென்ட் எனக்கு இப்படி ஒண்ணு குடுத்ததில்ல.

மூக்கம்மா அட்டையத் தொட்டுப் பாத்துட்டு, "அழகா விழுந்திருக்கீக டீச்சர்" ன்னா. அப்புறம் படியில உக்காந்து, பின்பக்கமா ஒவ்வொரு படியா நகண்டு ஏறுனா. அரிசிச் சட்டிய மடியில வச்சுக்கிட்டே.

கார்டுல அவளுக்கு 5.

ஜூலை 21, வெள்ளி

நான் 8. கார்டுல 6.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேத்துனோம். ஜன கண மன முடியுற வரைக்கும் மூக்கம்மாவால நிக்க முடியல. பாதில குண்டாவக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டா. பஞ்சாயத்துத் தலைவரு பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எனக்கு மானமே போச்சு. மிட்டாய் குடுத்து முடிச்சதும் அவளத் திட்டுனேன். "ரெண்டு நிமிஷம் நிக்க முடியாதா உனக்கு?"

"முடிஞ்சா நிக்க மாட்டேனா டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னா. அதுக்குள்ள புள்ளைக மிட்டாய்க்காக அவ மேல ஏறிருச்சுக.

ஆகஸ்ட் 31, வியாழன்

பாதி ஆராய்ச்சி முடிஞ்சதுன்னு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அங்க ஒரு சோதனை. கையக் கட்டிக்கிட்டு நாற்காலிலருந்து அரை நிமிஷத்துல எத்தனை தடவை எந்திரிக்கிறோம்னு எண்ணுறாங்க. நான் எட்டு, மொத தடவையும் அதே எட்டு. மூக்கம்மா மொத தடவை அஞ்சு. இன்னைக்கு மூணு. மூணாவதுல கையை எடுத்து நாற்காலியப் பிடிச்சுக்கிட்டா.

டாக்டர் ஜமால் கார்டப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. "என்னம்மா, வலி நாலுன்னு இருக்கு, எந்திரிக்க முடியலயே?"

மூக்கம்மா என்னையப் பாத்தா. அவளுக்கு நாலுன்னா என்ன, நாப்பதுன்னா என்ன. கார்டுல என்ன இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்.

நான் சொன்னேன்: "வலி குறைஞ்சிருச்சுன்னுதான் சார் சொல்றா. அவளுக்கு உடம்பு கொஞ்சம் மந்தம்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

"உள்ளத உள்ளபடி எழுதுங்கம்மா" ன்னாரு டாக்டர். "குறையலன்னாலும் அது எங்களுக்குப் பதில்தான். பவுடர் வேலை செய்யலன்னு தெரியுறதும் ஆதாரம்தான். அது தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு இத வாங்கி ஏமாறாம இருப்பாங்க."

எல்லா ஆபீசரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. உள்ளத எழுதிப் பாத்தவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மூக்கம்மா ரெண்டு நாளா வரல. முட்டி வீங்கிப் படுத்துட்டாளாம். நானே தண்ணி எடுத்து, நானே உலை வச்சு, நானே முட்டை உரிச்சு, இருபத்திரண்டு புள்ளைக்கும் சோறு போட்டு, குனிஞ்சு குனிஞ்சு தட்டக் கழுவி. வலி 9. ஆயா லீவுக்கு மாத்து ஆள் போடுற வழக்கமே இந்த டிபார்ட்மென்ட்ல கிடையாது. அவ ரெண்டு நாள் படுத்ததுக்கே எனக்கு இந்தக் கதி.

செப்டம்பர் 14, வியாழன்

வந்துட்டா. முட்டில வெத்தலைய வதக்கிக் கட்டியிருக்கா. காய் நறுக்கிக்கிட்டே கேட்டா:

"டீச்சர், அந்த டாக்டர் அன்னைக்கு வேற வழி இருக்குன்னாருல்ல. ஆபரேசன்னு ஏதோ. அது யாருக்காம்?"

"அதெல்லாம் ரொம்ப முத்துனவங்களுக்கு. காலக் கிழிச்சு, எலும்ப அறுத்து, இரும்பு வச்சு மூணு மாசம் படுக்கப் போட்டுருவாங்க. அப்புறம் நடப்பு வருமோ வராதோ. உனக்கு எதுக்கு அந்த வேலை?"

"அம்மாடி" ன்னுட்டு விட்டுட்டா.

அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். மூணு மாசம் படுத்தா அவள மகன் வீட்டுல யாரு பாக்குறது.

பிரிசில்லா கார்டு பாத்துட்டுப் போச்சு. மூக்கம்மா 4, 4, 3.

அக்டோபர் 19, வியாழன்

எனக்கு 8. கார்டுல 4. நாலு மாசமா ஒரு நாளும் விடாம பவுடர் குடிக்கிறேன்.

நவம்பர் 11, சனி

நாளைக்குத் தீபாவளி. மூக்கம்மா அதிரசம் கொண்டாந்தா. சம்மணம் போட்டு உக்காந்து சுட முடியல, நின்னுகிட்டே சுட்டேன், அதான் கருகிருச்சுன்னா. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி ரெண்டு வாரக் கார்டையும் இன்னைக்கே முடிச்சு வச்சுட்டேன், லீவுல யாரு எழுதுறது. எல்லாருக்கும் 3, 4க்குள்ள. மூக்கம்மாவுக்கு 3.

நவம்பர் 23, வியாழன்

ஆராய்ச்சி முடிஞ்சது. கார்டெல்லாம் ஒப்படைச்சேன். பிரிசில்லா என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு. "மேடம், நூத்தியெம்பது பேர்ல ஒரு கட்டம்கூட காலியா இல்லாத ஒரே ஊரு உங்களுது." எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

ஜனவரி 19, வெள்ளி

பொங்கல் முடிஞ்சு சூப்பர்வைசர் மேடம் வந்தாங்க. மூக்கம்மா அவங்களப் பாத்து அவசரமா எந்திரிக்கப் போயி கீழ விழுந்துட்டா. கைல இருந்த பருப்பெல்லாம் கொட்டிப்போச்சு. மேடம் போகும்போது, "பிப்ரவரி பத்துக்குள்ள லெட்டர் வாங்கி அனுப்பிருங்க" ன்னாங்க.

ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சு. வர்ற வியாழக்கிழமை முடிவு சொல்றாங்களாம்.

ஜனவரி 25, வியாழன்

நிதானமா எழுதணும்.

ஹால் நெறைய பத்து ஊர் பொம்பளைக. டாக்டர் ஜமால் மைக்குல பேசுனாரு. அமினோ அமிலம் சாப்புட்டவங்களுக்கும் வலி குறைஞ்சிருக்கு, சும்மா மாவு சாப்புட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சிருக்கு. அதனால பவுடராலதான் குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது. கொஞ்சப் பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்ததுல குருத்தெலும்பு யாருக்கும் வளரல. "மருந்து சாப்புடுறோம்ங்குற நம்பிக்கைலயே சில பேருக்கு வலி குறையும். ஆனா இந்த அளவுக்கு மாவுக்குக் குறைஞ்சது எங்களுக்கே ஆச்சரியம்" ன்னாரு.

எங்க ஊர்க் கார்டு பன்னெண்டும் நான் எழுதுனது.

அப்புறம் ஆளுக்கொரு கவர் குடுத்தாங்க, யாரு எதச் சாப்புட்டாங்கன்னு. எனக்கு நிஜப் பவுடர். மூக்கம்மாவுக்கு மாவு.

அப்புறம்தான் பிரிசில்லா எந்திரிச்சு லிஸ்ட் வாசிச்சுச்சு. கடைசி நாலு வாரம் வலி ஆறோ அதுக்கு மேலயோ இருந்தவங்களுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் இலவசம். ஆஸ்பத்திரியே தங்க வச்சு, ஆறு வாரம் நடக்கப் பழக்கி அனுப்பும். பதினஞ்சு பேரு. பேரு வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தியா எந்திரிச்சாளுக. குச்சி ஊனிக்கிட்டு, பக்கத்துல இருக்கவ தோளப் பிடிச்சுக்கிட்டு. ஒருத்தி அழுதா.

எங்க ஊர்ல யாரும் இல்ல. பிரிசில்லா என்கிட்ட வந்து, "உங்க ஊர்ல யாருக்கும் தேவைப்படல மேடம், சந்தோஷம்" ன்னுச்சு. மனசாரத்தான் சொல்லுச்சு.

மூக்கம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அந்தப் பதினஞ்சு பேரையும் பாத்தா. "இவுகளுக்கெல்லாம் என்னைய விட முத்திப்போச்சு போல டீச்சர். பாவம்" ன்னா.



ஜனவரி 26, வெள்ளி

பதினோரு பக்கத்தையும் தேடி எடுத்துப் படிச்சேன். பதினோராம் பக்கம், மூணாவது பத்தி. நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல, நாலே வரி. ரெண்டாங் கிளாஸ் புள்ளைகூடப் படிச்சிரும்.

ஜனவரி 29, திங்கள்

சொல்லிட்டேன். அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. பின்னாடி நின்னுக்கிட்டுச் சொன்னேன், மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. கார்டுல போட்டதெல்லாம் என் நம்பர், உன் நம்பர் இல்ல, உள்ளத எழுதியிருந்தா உன் பேரும் அந்த லிஸ்ட்ல இருந்திருக்கும்னு சொன்னேன்.

மூணு தண்ணி மாத்துனா.

"நீங்க ஒரு நாள்கூட என்கிட்ட எத்தனைன்னு கேக்கலையேன்னு எனக்கும் தோணும் டீச்சர். படிச்சவுக, பக்கத்துலயே இருக்காக, என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவாக போலன்னு விட்டுட்டேன்."

அவ கத்தியிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது வரும். களைஞ்ச தண்ணிய எடுத்துக்கிட்டு வெளிய போனேன், முருங்கை மூட்டுல ஊத்துனேன், அங்கயே நின்னேன். அவ மூஞ்சி எனக்குத் தெரியாமயா இருந்துச்சு. படியில பின்பக்கமா ஏறுனத நான்தான எழுதி வச்சிருக்கேன்.

பிப்ரவரி 1, வியாழன்

லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த டைரியவும் எடுத்துட்டுப் போனேன்.

டாக்டர் ஜமால்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டல. கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சாரு. "பன்னெண்டு பேரோட விவரத்தையும் ஆராய்ச்சிலருந்து எடுக்கணும். கமிட்டிக்கு எழுதணும். இத்தனை பேரு ஆறு மாசம் உழைச்சது..." அத முடிக்கல. அந்தப் பிரிசில்லா பிள்ளை கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. புழுதி பட்ட மூஞ்சி. என்னையப் பாக்கல.

"சார், இது என் ரஃப் நோட்டு. இதுல உள்ளது எல்லாம் நிஜம். நான் தினமும் உங்க பவுடரக் குடிச்சேன், என் வலி ஏழுலருந்து எட்டாச்சு. இத ஆதாரமா வச்சுக்கங்க."

"ஒரு ஆளு ஆதாரம் ஆகாதும்மா."

"மூக்கம்மாவ மட்டுமாவது அந்த லிஸ்ட்ல சேத்துருங்க சார். அவளுக்கு வேலை போகப் போகுது."

"பதினஞ்சும் முடிஞ்சதும்மா. நாலு பேருக்குத் தேதி குடுத்தாச்சு. அதுல யாரு பேர நான் அடிக்கிறது?"

வேற திட்டத்துல கேட்டுப் பாக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா அதுக்கும் அவங்க வலிய எழுதிக் காட்டணும்னாரு. "இந்த நோட்டுல மூக்கம்மா வலி எத்தனைன்னு இருக்கா?"

பக்கம் பக்கமாத் திருப்புனாரு. நானும் எட்டிப் பாத்தேன். படி ஏறுனது இருக்கு, குண்டாவுல உக்காந்தது இருக்கு, வெத்தலை கட்டுனது இருக்கு, விழுந்தது இருக்கு. கார்டுக்கு நான் போட்ட பொய் நம்பரத் தவிர, எத்தனைன்னு ஒரு இடத்துலயும் இல்ல. எனக்கு 7, எனக்கு 8, எனக்கு 9.

"உங்க வலி இருக்கு. அவங்களுது இல்லையேம்மா" ன்னாரு.

புதுக் கார்டு ஒண்ணு குடுத்தாரு. நாலு வாரத்துக்கு. அவங்க வாயால சொல்றது மட்டும்தான் எழுதணும்னு ரெண்டு தடவை சொன்னாரு.

பிப்ரவரி 5, திங்கள்

சூப்பர்வைசர் மேடம் போன்ல கேட்டுட்டாங்க. நாலு வாரம் பொறுங்க மேடம், ஆஸ்பத்திரில பேசிக்கிட்டு இருக்கோம்னு கெஞ்சுனேன். "உங்க ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் எனக்கு வேணாம்" ன்னு வச்சுட்டாங்க.

மூக்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. விலகல் லெட்டரும் நான்தான் எழுதணும். மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். "உடல்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில்" னு வரணும், அதுதான் வழக்கம். வாசிச்சுக் காட்டுனேன். "சொந்த விருப்பம்" ங்குற இடத்துல அவ ஒரு தடவை தலைய நிமித்துனா. மைப் பொட்டிய நீட்டுனேன். இந்தத் தடவை அவளே கட்டைவிரல வச்சா.

லெட்டர் நீட்டாத்தான் இருக்கு. ஒரு அடித்தல் இல்ல.

பிப்ரவரி 9, வெள்ளி

மூக்கம்மாவுக்குக் கடைசி நாள். நாளைக்கு அவ வர மாட்டா. வழக்கம்போல எட்டு மணிக்கெல்லாம் வந்து, பின்பக்கமா படி ஏறி, அடுப்பத் தொடைச்சு, பருப்பு எந்த டப்பா, உப்பு எந்த டப்பான்னு எனக்குச் சொல்லிக் குடுத்தா. பத்தொம்பது வருஷமா ஒரே கூரைக்குக் கீழ, எனக்கு அது தெரியாது. புள்ளைகளுக்குச் சோறு போட்டா. அந்தச் சின்னது தேனருவி, இவ ஊட்டுனாத்தான் திங்கும். அதுக்கு ஊட்டுறதுக்காகக் கஷ்டப்பட்டுக் கீழ உக்காந்தா. எந்திரிக்கும்போது நான் கையக் குடுத்தேன். பிடிக்காம, செவுத்தப் பிடிச்சு எந்திரிச்சா.

சாயங்காலம் புதுக் கார்ட எடுத்துக்கிட்டு அவ முன்னாடி போயி உக்காந்தேன். எனக்கும் கீழ உக்காருறது லேசு இல்ல. எட்டு நாளா அத டிராயர்லயே வச்சிருந்தேன், கேக்க வாய் வரல. ஒரு வாரம் வீணாப்போச்சு.

"மூக்கம்மா. பத்துக்கு எத்தனை?"

முந்தானைல கையத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. கேட்டுச்சோ கேக்கலையோன்னு மறுபடி கேட்டேன். "இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லு தாயி. நீ சொல்றதத்தான் எழுதுவேன். இத வச்சு டாக்டர் வேற எங்கயாவது கேட்டுப் பாக்குறேன்னாரு."

என்னையப் பாத்தா. கோபம்னு சொல்ல முடியாது. காய்க்காரன்கிட்டப் பேரம் படியலன்னா நடையக் கட்டுவாளே, அந்தப் பார்வை.

"எப்பவும் போல நீங்க போடுறதப் போடுங்க டீச்சர்."

அவ தூக்குச் சட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. மூணு படியையும் உக்காந்து உக்காந்து இறங்குனா. தெருமுக்கு வரைக்கும் போறதுக்கு அவளுக்குக் கால் மணி நேரம் ஆச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்பது போடலாம். பத்து போடலாம். எது போட்டாலும் சரியாத்தான் இருக்கும். பேனாவத் தெறந்து வச்சுக்கிட்டே இருந்தேன்.

போடல. தேதி மட்டும் எழுதிட்டு, கட்டத்தக் காலியா விட்டுட்டேன்.

பிப்ரவரி 10, சனி

காலைல எட்டுக்கு வந்து தண்ணி எடுத்தேன். உலை வச்சேன். உப்பு டப்பாவ மறந்துட்டேன், நாலு டப்பா தெறந்து பாத்தேன். தேனருவி சோறு திங்கல.

எனக்கு 9. சாயங்காலம் கார்ட எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போகணும்.